சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த பாட்டு

நேற்று மத்தியானம் அப்பா போன் செய்தார். என் மகள் இரண்டு மணி நேரமாக விடாமல் அழுதுகொண்டிருந்தாள். வயிறு பார்த்தாயிற்று, துணி பார்த்தாயிற்று, காய்ச்சல் இரண்டு முறை பார்த்தாயிற்று. அழுகை அப்பாவுக்கும் கேட்டிருக்கிறது. "எதுனா பாட்டுப் போடும்மா, தூங்கிடும்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது. பாதியிலேயே போனை வைத்துவிட்டேன். பெற்றவரிடம் இப்படியா நடப்பது என்று திரும்பக் கூப்பிட எடுத்தேன். கூப்பிடவில்லை. உங்களிடம் சொல்கிறேன், அவர் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை.

சூடான பிளாஸ்டிக் வாசனை ஒன்று உண்டு. டேப் ரெக்கார்டர் ஒரு மணி நேரம் ஓடினால் பின்பக்கத்திலிருந்து வரும். ப்ளஸ் ஒன் படித்த வருஷத்தில் பல மாதங்கள் அந்த வாசனையில்தான் வீட்டுப்பாடம் எழுதினேன், ஏனென்றால் பெட்டியின் முகம் சுவரைப் பார்த்து இருந்தது. முதுகுதான் எனக்கு.

சுவர் பாகப்பிரிவினையில் எழுந்தது. பெரியப்பாவும் அப்பாவும் காஞ்சிபுரத்து வீட்டின் கூடத்தை ஒற்றைச் செங்கல் வைத்து இரண்டாக்கிக்கொண்டார்கள். கடிகாரம் அவர்கள் பக்கம் போயிற்று. மணி அடிப்பது மட்டும் எங்களுக்கும் சொந்தம். பெரியப்பா மூன்று தறிகளைக் கொண்டுவந்து அந்தச் சுவரை ஒட்டியே போட்டார். தாலுகா ஆபீசிலிருந்து தலைவலியோடு வரும் அப்பாவுக்குப் பல் கூசும். "வேணும்னே போட்டிருக்கான்" என்பார். அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பா, "பேனா புடிக்கிறவனுக்குத் தறி சத்தம் கசக்குதாம்பா" என்று சுவருக்குக் கேட்கும்படி சிரிப்பார்.

அப்பா விடவில்லை. தெருப் பெரியவர்களைக் கூட்டினார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தறி ஓடக்கூடாது என்று தீர்ப்பு. பெரியப்பா தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அவர் ரோஷக்காரர், வாக்குத் தவற மாட்டார்.

லீவுக்கு வந்த அண்ணன் சென்னை ஹாஸ்டலிலிருந்து கேசட் கொண்டுவந்தது அதற்கு அடுத்த வாரம். உறையில் இசைக்குழுவின் பெயரை முள் முள்ளாக எழுதி, பால்பாயிண்ட் பேனாவில் ஒரு மண்டையோடும் போட்டிருந்தான். "இது த்ராஷ் மெட்டல்டி, ராக்குலயே முரட்டு ரகம். ஆல்பத்த மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சுல கேக்கணும்" என்றான். கேட்டேன். பயந்ததாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அந்த டிரம் பழகிய சத்தமாக இருந்தது. மூன்று தறி ஒன்றாக ஓடி, நடுவே யாரோ சண்டைக்கு வந்தால் எப்படியோ அப்படி.

அப்பா உள்ளே வந்தார். "பாட்டாடா இது? பன்னி அறுக்கறாப்புல இருக்குது" என்று கேசட்டைப் பிடுங்கக் கை நீட்டினார். அதே நேரம் சுவருக்கு அப்பாலிருந்து பெரியப்பா, "எவண்டா அவன், நிறுத்துடா!" என்று கத்தினார்.

அப்பாவின் கை அப்படியே நின்றது. அவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"சவுண்டு ஏத்துடா."

"அப்பா, இது அதுக்கு இல்லப்பா" என்றான் அண்ணன்.

"தீர்ப்புல பாட்டப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்று அப்பா பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

அண்ணன் முகம் சுளித்துக்கொண்டு காலேஜுக்குப் போய்விட்டான். அந்த வேலை எனக்கு வந்தது. சொன்னதைச் செய்யும் பெண் நான். அவர்கள் கடிகாரம் ஆறு அடிக்கும், தறி நிற்கும், நான் பொத்தானை அழுத்துவேன். பாதியில் கேசட்டைத் திருப்பிப் போடுவேன். சாயங்காலத்தில் வோல்டேஜ் குறையும்போது பாடகரின் அலறல் எருமைக்குச் சளி பிடித்தது போல இழுக்கும். அப்பா காபி குடித்தபடி தாளம் வேறு போடுவார்.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பாவின் மகள் செல்வி அக்கா ஆரணியிலிருந்து பிரசவத்துக்கு வந்தாள். எனக்குப் பின்னல் போடச் சொல்லிக்கொடுத்தவள். ஆண் குழந்தை. நான் பார்க்கக் கூடாது என்று அப்பாவின் உத்தரவு. குரலைத்தான் தெரியும். பகலெல்லாம் சத்தமில்லாமல் இருக்கும். ஆறு மணிக்கு வீறிடும். நான் பாட்டைப் போட்டதும் இரண்டு நிமிஷத்தில் அழுகை கேட்காது. பாட்டில் அமுங்கிப் போகிறது என்று நினைத்து, பொத்தானை அழுத்தும்போதெல்லாம் பாவம் செய்வதாகப் பயந்தேன். பயந்துகொண்டே அழுத்தினேன்.

ஒருநாள் கொல்லைப்புறக் குட்டைச் சுவருக்கு மேலே அக்காவின் முகம் தெரிந்தது.

"பாப்பா, நேத்து ஏன்டி லேட்டு? கத்திக்கினே கெடந்தான்."

எனக்குப் புரியவில்லை.

"வயித்துல இருந்தப்பவே தறி கேட்டு வளந்தவன்டி. ஆறு மணிக்கு தறி நின்னுச்சுன்னா முழிச்சுக்கறான். உன் பேய்ப் பாட்டு வந்தாத்தான் திரும்பத் தூங்கறான்" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். "உங்கப்பா கிட்ட சொல்லிடாத. நிறுத்திடப் போறாரு."

அவ்வளவு மோசமாக ஒருவர் இருப்பாரா என்று நினைத்தேன். சொன்னால் மனம் இளகும், இரண்டு வீடும் பேசிக்கொள்ளும், குழந்தையைப் பார்க்கலாம். அன்று சாயங்காலமே காபி கொடுக்கும்போது சொன்னேன். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

"தூங்குதா?" என்றார்.

"ஆமாம்பா. நல்லா."

டம்ளரை வைத்தார். பெட்டியைத் திறந்து கேசட்டை எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். "நம்ம கரண்டுல அவன் பேரனுக்குத் தாலாட்டா?"

ஆறு அடித்தது. தறி நின்றது. குழந்தை வீறிட்டது. எட்டு மணி வரை அழுதது. மறுநாளும் அழுதது. கொல்லைப்புறத்திலிருந்து "பாப்பா... பாப்பா..." என்று அக்கா கூப்பிட்டாள். நான் ரெக்கார்டு நோட்டில் இதயத்தின் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து போகவில்லை.

மூன்றாம் நாள் ஆறு அடித்தும் தறி நிற்கவில்லை. பெரியப்பா பேரனுக்காக வாக்குத் தவறினார். அழுகை அடங்கியது. அப்பா சட்டையைக்கூட மாட்டாமல், துண்டோடு ஓடினார், பெரியவர்களைக் கூட்டிவர. தெரு முழுக்கப் பார்க்க, பெரியப்பா கை கட்டி நின்று மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாம் மாதம்தான் அனுப்புவது வழக்கம். அக்கா நாற்பதாம் நாளே கிளம்பிவிட்டாள். எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். அப்பா உள்ளேதான் இருந்தார்.

"பஸ்ஸு சத்தத்துல நல்லாத் தூங்குவான் பாப்பா. நீ கவலப்படாத."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. துணிக்குள் குழந்தையின் முகம் தெரியவில்லை.

நேற்று போனில் அந்த ஆல்பத்தைத் தேடினேன். ஒரு நொடியில் கிடைத்தது, ஒரு பாட்டுக் குறையாமல். போட்டேன். மகள் இன்னும் பலமாகக் கத்தினாள். இவள் எந்தத் தறியைக் கேட்டாள்! அந்த இரண்டு வீடுகளும் விற்கப்பட்டு, சுவர் இடிந்து, இப்போது அங்கே கண்ணாடிக் கதவு போட்ட பட்டுக்கடை. பெரியப்பா இல்லை. அக்காவின் நம்பர் அண்ணனிடம் இருக்கிறது, நான் வாங்கியதில்லை.

என்ன நினைத்தேனோ, போனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் அழுகை அடங்குகிறதா என்று காது கொடுத்தேன். சுவருக்கு அப்பால் லிஃப்ட் ஏறி, காலியாக இறங்கியது.