ரம்புத்தான் மேசை

பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் சிரிப்பவள் நான்தான், இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் பாலோ என்ற சின்ன ஊரில் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் வளர்ந்தவள், இருட்டில் கதவைத் திறந்துகொண்டு போய்க் கொல்லையில் துணி எடுத்தவள், பயம் என்பதே கிடையாது. படித்ததும் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட படிப்பு. பேய்க்கதை சொல்ல வந்தவர்களிடம், "உங்க பேய்க்கு பாஸ்வேர்ட் இருக்கா? இருந்தா சொல்லுங்க, பேசலாம்" என்று கிண்டலடித்தவள். அந்தக் கிண்டலை இப்போது அடிப்பதில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள், எனக்குத் தெரியும், உங்கள் இடத்தில் இருந்தால் நானே நம்பமாட்டேன்.

ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஆறு பெருகினால் தண்ணீர் எந்தக் கம்பத்துக்குள், அதாவது எந்தக் கிராமத்துக்குள், முதலில் நுழையும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற வேலை. எங்களைப் போன்றவர்களுக்குச் சேர்ந்த அன்றே ஓர் அக்கவுண்ட் கொடுப்பார்கள், பெயர், பாஸ்வேர்ட், பெரிய சர்வரில் கொஞ்சம் இடம். அந்தக் கொஞ்ச இடம் ஒரு வாரத்தில் நிரம்பிவிடும். அதனால் பெரிய முடிவுகளையெல்லாம் லேப்புக்கே பொதுவான தற்காலிக இடம் என்ற ஒன்றில் போட்டு வைப்போம், அங்கே வேண்டிய அளவு இடம் உண்டு, ஆனால் இரண்டு மாதம் யாரும் தொடாத ஃபைலை சர்வர் தானாகவே அழித்துவிடும், கேட்காது, சொல்லாது.

இதற்கு எங்கள் லேப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஃபைலின் உள்ளே எதையும் மாற்றாமல் அதன் தேதியை மட்டும் இன்றைய தேதியாக்குகிற ஒரு கட்டளை உண்டு, அதைப் போட்டால் சர்வர் ஏமாந்துபோய் இன்னும் இரண்டு மாதம் விட்டுவைக்கும். நாங்கள் அதை 'தொட்டு வைக்கிறது' என்போம். ஊருக்குப் போகிறவர்கள், காய்ச்சலில் படுத்தவர்கள், எல்லாருடைய ஃபைல்களையும் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொட்டு வைப்பவள் சாந்தினி. யாரும் அவளிடம் அந்த வேலையை ஒப்படைக்கவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள், அவள் குணம் அப்படி. பெர்மாஸ் ஜெயாவில் வீடு, சிலோன் தமிழ்க் குடும்பம், தெப்ராவ் நீரிணையின் தண்ணீரில் உப்பு எப்படி மாறுகிறது என்பது அவள் ஆராய்ச்சி. லேப்பில் இருந்த கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பழங்களின் பெயர், என்னுடையது லங்சாட், ஜன்னலோரம் அவளுடையது ரம்புத்தான். அந்த லேப்பில் தமிழ் பேச எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான்.

அவள் தொடுகிற விதமும் தனி. மற்றவர்கள் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொட்டுவிடுவார்கள். இவள் கீழேயிருந்து மேலே, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வருவாள். "ஏண்டி இப்படி?" என்று கேட்டால், "கடைசில இருக்கிறதைத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க லா, நான் அங்கேருந்துதான் வருவேன்" என்பாள். முடித்ததும் வாட்ஸ்அப்பில் ஒரே வரி வரும்: "தொட்டாச்சு. சாப்டியா?"

பிறகு என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார், அண்ணனுக்கு சிங்கப்பூரில் வேலை, அதனால் நான் ஒரு செமஸ்டர் விடுப்பு போட்டுவிட்டு பாலோவுக்குப் போனேன். விடுப்பில் இருப்பவர்கள் வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய முடியாது, லேப்பில் உட்கார்ந்தால்தான் உண்டு. "நீ அப்பாவைப் பாரு, உன் ஃபைலை நான் பார்த்துக்கிறேன்" என்றாள் சாந்தினி. அப்பாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்க வைத்துவிட்டு நிமிர்ந்தால் அந்த வீட்டில் பேச ஆள் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை வருகிற அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அது வரவில்லை. சாந்தினிக்கு டெங்கிக் காய்ச்சல். மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வார இறுதியில் போய்ப் பார்க்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் போய்விட்ட செய்தி வந்துவிட்டது. பெர்மாஸ் ஜெயா வீட்டுக்குப் போனேன், அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மாலையே பாலோவுக்குத் திரும்பிவிட்டேன், அப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அதற்குப் பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று எனக்கே தெரியாது.

அடுத்து ஹரி ராயா, நோன்புப் பெருநாள், நெருங்கியபோது என் மேற்பார்வையாளரிடமிருந்து மின்னஞ்சல். விடுப்பு முடிகிறது, இனி நீட்டிப்பு கிடையாது, விடுமுறை முடிந்ததும் முடிவுகளோடு வா என்று. அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது, என் ஃபைல்களைத் தொட ஆள் இல்லாமல் போய் இரண்டு மாதத்துக்கும் மேலே ஆகிவிட்டதே என்று. அந்தக் கணக்குகளை மறுபடியும் ஓட்ட அரை வருடம் வேண்டும், என்னிடம் அந்த அரை வருடம் இல்லை. அவை போனால் என் படிப்பும் போச்சு, அவ்வளவுதான்.

ராயா விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அப்பாவை அவனிடம் விட்டுவிட்டுக் குளுவாங் வந்து பஸ் ஏறினேன். கேம்பஸில் ஒரு ஈ காக்கை இல்லை, குரங்குகள்தான் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தன. கேன்டீன் பூட்டு, ஹாஸ்டல் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. கார்டைக் காட்டி லேப்புக்குள் நுழைந்தேன். நல்ல பகல் வெளிச்சம், ஏர்கான் சத்தம் மட்டும். ஜன்னலோரம் பார்த்தேன். சாந்தினியின் கம்ப்யூட்டரை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். மேசைமேல் தூசியில் அது இருந்த இடம் மட்டும் சதுரமாகச் சுத்தமாக இருந்தது, ஓரத்தில் 'ரம்புத்தான்' என்று அவள் எழுதி ஒட்டிய சீட்டு. நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்திருந்தார்கள். அங்கே நின்றுதான் நான் அவளுக்காக முதன்முதலாக அழுதேன், சாவு வீட்டில்கூட எனக்கு அழுகை வரவில்லை.

பிறகு என் இடத்தில் உட்கார்ந்து, ஃபோல்டர் காலியாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திறந்தேன்.

எல்லாம் இருந்தது. ஒன்றுகூடப் போகவில்லை. சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன், பிறகுதான் தேதியைப் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை. லேப்பில் வேறு யாரோ நல்ல மனதோடு தொட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன், நீங்களும் அதைத்தான் நினைப்பீர்கள். நான் வந்த நாளும் வெள்ளிக்கிழமை என்பது அப்போது என் மண்டைக்குள் ஏறவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டியலின் கடைசி ஃபைலின் தேதி மாறியது. இன்றைய தேதி, இந்த நிமிடம். அதற்கு மேலே இருந்ததும் மாறியது. பிறகு அதற்கு மேலே. கீழேயிருந்து மேலே, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல்.

என் கை விசைப்பலகைமேல் இல்லை, மடியில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன்.

சர்வருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டினேன். இரண்டு வரி வந்தது. ஒன்று நான், லங்சாட்டிலிருந்து. இன்னொன்று சாந்தினியின் அக்கவுண்ட், ரம்புத்தானிலிருந்து.

திரும்பிப் பார்க்க எனக்கு நிறைய நேரம் பிடித்தது. பார்த்தேன். அதே காலி மேசை, அதே தூசி, உள்ளே தள்ளிய நாற்காலி. ஓடியிருக்க வேண்டும்தான், யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். எனக்கு ஓடத் தோன்றவில்லை. பாலோ வீட்டில் மாதக்கணக்காக ஒருத்தரும் என்னை ஒன்றும் கேட்காமல் கிடந்தவள் நான், அந்த ஒரு வரியைத் திரையில் பார்த்ததும் பயத்துக்கு முன்னால் வந்தது ஆறுதல். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

என் ஃபைல்கள் எல்லாம் முடிந்தன. அப்புறமும் அந்த வரி போகவில்லை. சர்வருக்குள் இருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பலாம், அனுப்பினேன்: "தொட்டாச்சுல்ல, இன்னும் என்னடி பண்றே?" பதில் வரவில்லை. வரி அப்படியே இருந்தது. காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைப் போல இருந்தது.

அப்போதுதான் அந்தப் பொது இடத்தில் அவளுடைய ஃபோல்டரைத் திறந்து பார்க்கத் தோன்றியது. நீரிணை, உப்பு, அவளுடைய மொத்த உழைப்பும் உள்ளே இருந்தது. தேதிகள் எல்லாம் பழையவை, அவள் காய்ச்சலில் படுப்பதற்கு முந்தையவை. எங்கள் எல்லாருடையதையும் தொட்டவள், தன்னுடையதை மட்டும் தொடவில்லை. முடியவில்லையோ என்னவோ, அதெல்லாம் எனக்குத் தெரியாது. பையில் இருந்த வெளி டிஸ்க்கை எடுத்துச் சொருகி, என்னுடையதையும் அவளுடையதையும் நகலெடுக்க ஆரம்பித்தேன். மெதுவாக ஓடியது. வெளியே மழை பிடித்து, விட்டது. "இருடி, முடியப் போகுது" என்று காலி மேசையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுடைய கடைசி ஃபைல் இறங்கி முடிந்ததும் மறுபடியும் அந்தக் கட்டளையைத் தட்டினேன். என் வரி மட்டும்தான் இருந்தது.

டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தனியாக வெளியே வந்தேன்.

விடுமுறை முடிந்து வந்த டெக்னீஷியன் ஃபைசாலிடம், சாந்தினியின் அக்கவுண்டை யார் பயன்படுத்துகிறார்கள் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "சுடா துத்துப் லா, லாமா சுடா" என்றார் மலாயில், அதாவது எப்போதோ மூடியாச்சு என்று, அவள் இறந்த வாரமே மூடிவிட்டாராம். மூடிய அக்கவுண்டின் ஃபோல்டரை அந்த இரண்டு மாதக் கணக்கில் சேர்க்காமல் கொஞ்ச காலம் வைத்திருந்து மொத்தமாக அழிப்பது அவர்கள் முறை, அவளுடையது ராயா விடுமுறையில், நான் வந்துபோன மறுநாள் அழிந்திருந்தது. பதிவுகளையும் திறந்து காட்டினார், அந்த வெள்ளிக்கிழமை உள்ளே நுழைந்தவள் நான் ஒருத்திதான். "சர்வர் பழசு, சில நேரம் பழைய பேரைக் காட்டும்" என்று சிரித்தார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் ஆய்வேடு தேறியது. அவளுடைய முடிவுகளை வைத்து மேற்பார்வையாளர் மீதியை எழுதி முடிக்க, பல்கலைக்கழகம் அவளுக்கும் பட்டம் கொடுத்தது, அவள் அம்மா வந்து வாங்கிக்கொண்டார். அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாம் அழிஞ்சு போச்சு எண்டல்லோ சொன்னவை. பிள்ளை, உனக்கு இதை ஆர் எடுத்துத் தந்தது?" என்று கேட்டார். "நான்தான் எடுத்தேன் ஆன்டி" என்றேன். அவர், "சாப்பிட்டியா?" என்றார்.

இப்போது நான் ஜொகூர் பாருவிலேயே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன், அப்பாவும் போய்விட்டார், வாடகை அறையில் தனியாக இருக்கிறேன். அந்த டிஸ்க் என் அலமாரியில், சட்டைகளுக்கு அடியில், ஒயர் தனியாகச் சுற்றி வைத்துக் கிடக்கிறது. எப்போதாவது எடுத்துச் சொருகிப் பார்ப்பேன். சாந்தினியின் ஃபைல்களின் தேதி நான் கடைசியாகச் சொருகிய நாளில் நிற்கும், அன்றைக்கு நான்தான் தொட்டு வைத்திருப்பேன். என் ஃபைல்களின் தேதி மட்டும் அப்படி நிற்பதில்லை. அது எப்போதும் முந்தைய வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. டிஸ்க் சட்டைகளுக்கு அடியில் கிடந்த வெள்ளிக்கிழமை.

நான் மறுபடியும் அவளுடையதைக் கீழேயிருந்து மேலே ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு, "தொட்டாச்சு லா, சாப்டியா?" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கழற்றி வைத்துவிடுவேன். அடிக்கடி எடுப்பதில்லை. பயமா என்று கேட்டால், ஆமாம், பயம்தான். ஒருநாள் சொருகும்போது என் ஃபைல்களின் தேதியும் பழையதாகவே நின்றுவிட்டிருந்தால் நான் என்ன செய்வேன்?