லோகாம்பாள் திருத்திய ஐந்தாம் அத்தியாயம்

லோகாம்பாள் அக்காவின் புத்தகம் வந்த பிறகு, பழவேற்காட்டில் நான் தட்டச்சு செய்யும் ஜெராக்ஸ் கடைக்குச் சிலர் நோட்டுகளோடு வருகிறார்கள். வாழ்க்கையை எழுதியிருக்கிறோம், எப்படிப் புத்தகமாக்குவது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அக்காவின் ஐந்தாம் அத்தியாயம் மட்டும்தான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பொன்னேரியில் மீன் விற்பவர். கூடை காலியானதும், திரும்பும் பேருந்தில் உட்கார்ந்து எழுதுவார். நான்கு நோட்டுகள். சாலையில் பள்ளம் வந்த இடமெல்லாம் எழுத்தும் துள்ளியிருக்கும். எதிலும் வருஷம் கிடையாது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்று குப்பத்தில் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள், அதுதான் பாடு. அக்கா அந்த முறையை வைத்தே தன் வாழ்க்கையை அடுக்கியிருந்தார். நான் மாற்றாமல் அப்படியே அடித்து அனுப்பினேன். சென்னையிலிருந்து பதிப்பக ஆசிரியர் சோபியா போன் செய்தார். "அம்பதாம் பக்கத்துல பொண்ணு ஸ்கூலுக்குப் போவுது, அறுபதாம் பக்கத்துலதான் பொறக்குது. எப்படிங்க?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வருஷங்களைப் போட்டோம். முன்னோர்களைப் பற்றிய நாற்பது பக்கம் வேண்டாம், அக்கா முதன்முதலில் கூடை தூக்கிய நாளிலிருந்து தொடங்குங்கள் என்றார் சோபியா. அதையும் செய்தோம். மூன்றாவதாக அவர் சொன்னதில்தான் நின்றுபோனோம். உயிரோடு இருப்பவர்மேல் குற்றம் சொல்லி எழுதினால் அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் ஐந்தாம் அத்தியாயம் போகாது. அது இல்லாமல் புத்தகமும் இல்லை.

அக்கா ஏன் கூடை தூக்க வேண்டி வந்தது என்பது அதில்தான் இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன், அடுத்தவர் பாடு நாளில் அக்காவின் கொழுந்தன் சடையன் தன் படகில் போய் வலை போட்டார். பஞ்சாயத்து கூடியபோது அக்காவின் கணவர் தனசேகர் எழுந்து, "நான்தான்" என்று பழியை ஏற்றுக்கொண்டார். ஒரு சுற்று முழுக்க அவர்களுக்குப் பாடு நிறுத்தப்பட்டது. அன்றுதான் அக்கா கூடை எடுத்தார். தனசேகர் இறந்து மூன்று வருஷமாகிறது. எட்டு வீடு தள்ளி இருக்கும் சடையனிடம் அக்கா அன்று நிறுத்திய பேச்சு நின்றதுதான்.

"பேர மாத்திடலாமா?" என்று கேட்டேன்.

"பேர மாத்திட்டா? பாடு நின்னவன் தம்பின்னா குப்பத்துல நாய்க்குக்கூட தெரியும்மா."

பக்கங்களை எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். சடையன் வாசலில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல், "படிமா ஷிஃபா" என்றார்.

படித்தேன். 'தம்பி செய்த திருட்டுக்கு அண்ணன் தலை குனிந்தார்' என்ற வரி வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது.

"அந்த வரிய இன்னொரு வாட்டி படி பாப்பா," என்றார் சடையன்.

மறுபடி படித்தேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"அண்ணி, போட்ல நான் மட்டும் இல்ல. அண்ணனும் இருந்துச்சி. கூப்டதே அதுதான். பொண்ணுக்குக் காதுகுத்து, எறா இல்லாம எப்டிடா பந்தி போட்றதுன்னுச்சி. தூரத்துலேர்ந்து பாத்தவங்க ஒரு ஆளுன்னு சொல்ட்டாங்க. அப்ப ஒருத்தன் நின்னா போதும்னு அதுவே எழுந்துடுச்சி."

அக்கா இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தார். "பொய் சொல்ற."

"செத்துப்போன அண்ணன் மேல பொய் சொல்வனா?"

"அப்ப இத்தினி வருஷமா வாய்ல இன்னாடா வச்சினு இருந்த?"

"உங்கிட்ட சொல்லாதன்னு அண்ணன் சத்தியம் வாங்கினுச்சி. நீ திட்டுவன்னு பயம்."

"அந்த எறா?"

"நீதான அண்ணி குந்திகினு உரிச்ச."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன்; தோள்கள் குலுங்கின. கையை எடுத்தபோது சிரிப்பு வெடித்தது. கணவர் எதிரில் நிற்பதுபோல் திட்டினார். "அடப்பாவி மனுஷா! காதுகுத்துல நாலு பேர் கேக்க, ஏரித்தாயே குடுத்தான்னு சொன்னியே!" சடையனும் சிரித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி தேவகி டம்ளரில் டீ கொண்டுவந்து, கொடுக்கலாமா கூடாதா என்று நின்றார். அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"இப்ப கையெழுத்து போட மாட்டேன்," என்றார் சடையன். "ரெண்டு பேரும் போனம்னு மாத்து. அப்பறமா வா."

"உரிச்சது நான்னும் எழுதறேன். போதுமா?"

ஒன்பது பக்கமாக இருந்த அத்தியாயம் நான்கு பக்கமானது. கோபமாக எழுதியதெல்லாம் தானாகவே உதிர்ந்துவிட்டது. நோட்டோடு வருகிறவர்களிடம் நான் சொல்வதும் இதைத்தான். அச்சுக்கு அனுப்பும் முன், யாரைத் திட்டி எழுதினீர்களோ அவரிடம் போய் ஒருமுறை படித்துக்காட்டுங்கள். நம் வாழ்க்கையில் நமக்குத் தெரியாத பாதி அவரிடம் இருக்கலாம்.

சடையன் கையெழுத்துப் போட்ட தாளை அனுப்பிய வாரமே, புத்தகம் அச்சுக்குப் போகிறது என்று சோபியா சொன்னார். எழுதியவருக்குப் பத்துப் பிரதி இலவசம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"மொதல்ல ஒன்னு சடையனுக்கு. அவனுக்குக் கையெழுத்து போட மட்டுந்தான் தெரியும். நானே போய் படிச்சிக் காட்டிட்டு வரேன்."