ஒரே மேட்சுக்கு இரண்டு வேண்டுதல்

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் பிரிட்டோ ஒட்டாத சாமி கிடையாது. ஆட்டோ முகப்பில் முருகன், வேன் கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா, பால் வண்டியில் பிறை நிலா, காலேஜ் பையன்களின் பைக்கில் அவரவர் நடிகர். எல்லாம் அவன் கையால் வெட்டி ஒட்டியவைதான். அவனுடைய ஸ்ப்ளெண்டர் டேங்கில் மட்டும் பந்தின் மேல் நிற்கும் ஒரு சேவல். சேவல் சண்டைக்காரன் என்று நினைத்தவர்கள் உண்டு. சிக்கன் கடை விளம்பரம் என்று நினைத்து விலை கேட்டவர்களும் உண்டு. அது லண்டனில் இருக்கும் டாட்டன்ஹாம் கால்பந்து அணியின் சின்னம் என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்தப் பைத்தியம் பிடித்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். கல்யாணத்துக்கு முன்னால், பழைய துணிக் குவியலில் ஒரு வெள்ளை ஜெர்ஸி கிடந்தது. சேவல் அம்சமாக இருந்ததால் எடுத்துப் போட்டுக்கொண்டான். கொஞ்ச நாளில் டீக்கடை டிவியில் அதே சேவல் நெஞ்சில் குத்தியபடி பதினொரு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் செம அடி வாங்கித் தோற்றார்கள். வேறு ஆளாக இருந்தால் சட்டையைக் கழற்றி வண்டி துடைக்கப் போட்டிருப்பான். பிரிட்டோவுக்கோ அவர்கள் மேல் பாவமாகப் போய்விட்டது. பாவம் பார்த்து ஆரம்பித்த உறவு லேசில் விடுமா?

அந்த அணி கோப்பையைக் கையில் தொட்டு வருஷக்கணக்காகியிருந்தது. 2019-இல் ஐரோப்பாவின் பெரிய கோப்பைக்கு இறுதியாட்டம் வரை போய் மண்ணைக் கவ்வியபோது, பிரிட்டோ வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டான். ஒரே ஒரு கோப்பை, எதுவானாலும் சரி, ஜெயித்தால் மொட்டை போடுகிறேன். சும்மா வேண்டுதல் இல்லை அது. நாற்பதைத் தாண்டியும் அவன் முடி சுருள் சுருளாக, கன்னங்கரேல் என்று தோள் வரை தொங்கியது. "இந்த முடியப் பாத்துதான் நான் ஏமாந்தேன்" என்று அவன் மனைவி ஜான்சி இன்றைக்கும் சொல்வாள்.

பிறகு ஒரு நாள் கடை வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. மாடம்பாக்கம் அபார்ட்மெண்ட்டில் இருக்கும் நிகில், ஐடி கம்பெனிப் பையன், இறங்கி ஸ்ப்ளெண்டரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். "அண்ணா, நீங்களும் டாட்டன்ஹாமா?" இத்தனை வருஷத்தில் முதல் முறையாக இன்னொரு வாய் அந்தப் பெயரைச் சொல்கிறது. பிரிட்டோ அவனுக்குக் காசே வாங்காமல் சேவல் வெட்டி ஒட்டினான். அதற்குப் பிறகு மேட்ச் என்றால் இருவரும் நிகிலின் பெரிய டிவி முன்னால்தான். நிகில் அந்த அணியைப் பார்க்க ஆரம்பித்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பழைய கதையெல்லாம் பிரிட்டோதான் சொல்லிக்கொடுத்தான். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

2024 ஆகஸ்டில் கம்பெனி நிகிலை லண்டனுக்கு அனுப்பியது. அவன் போய்ச் சேர்ந்த மாதமே ஸ்டேடியத்திலிருந்து போட்டோ வந்தது. பச்சைப் புல், பின்னால் அறுபதாயிரம் பேர், முன்னால் நிகிலின் பல். பிரிட்டோ ஒரு இதயம் அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தான். வயிறு எரிந்தது.

அந்த சீசனைப் போல ஒரு கேவலமான சீசன் டாட்டன்ஹாமுக்கு அமைந்ததில்லை. பாதி டீம் காயம் பட்டுப் படுத்துவிட்டது. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தையெல்லாம் வாரிக் கொடுத்தார்கள். இருபது அணி ஆடும் இங்கிலாந்து லீக்கில் பதினேழாவது இடத்துக்குச் சரிந்தார்கள். பக்கத்து ஸீட் கவர் கடை ஹனீஃபா லிவர்பூல் ஆள். அவனுடைய அணி அந்த வருஷம் லீக் சாம்பியன் ஆனதே டாட்டன்ஹாமை ஐந்துக்கு ஒன்று என்று அடித்துத்தான்.

மறுநாள் காலையில் ஹனீஃபா கையில் ஜிலேபியோடு வந்தான். "இன்னா மச்சான், சேவல குழம்பு வெச்சிட்டமே, நீ இன்னும் ஒட்டிக்கினு கீற? கிழிச்சிப் போடுப்பா."

"நீ மூடிக்கினு ஜிலேபியக் குடு" என்றான் பிரிட்டோ.

ஹனீஃபாவின் வெற்றி அவனை ஒன்றும் செய்யவில்லை. நிகிலின் தோல்விதான் உறுத்தியது. ஒவ்வொரு முறை தோற்கும்போதும் அவன் மழையில் நனைந்துகொண்டு, ஸ்டேடியத்தில் உட்கார்ந்து தோற்றான். பிரிட்டோ செல்போனில், நடுவில் நெட் சுற்ற, தோற்றான். தோற்பதில்கூட நிகிலுக்கு நல்ல ஸீட்!

இந்தக் களேபரத்துக்கு நடுவே ஒரு கூத்து நடந்தது. லீக்கில் கந்தலாகிக் கிடந்த அதே அணி, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையில் ஒவ்வொருவராகத் தட்டிவிட்டு இறுதியாட்டத்துக்குப் போய்விட்டது. எதிரே மான்செஸ்டர் யுனைடெட். ஸ்பெயினில் ஆட்டம். பிரிட்டோ கடையில் பாட்டுப் பாடிக்கொண்டே நம்பர் பிளேட் ஒட்டினான். அன்று சாயங்காலம் நிகிலிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணா, ஆபீஸ்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல. அவர் டிக்கெட் எனக்கு! நான் ஃபைனலுக்குப் போறேன்!!"

பிரிட்டோ பாட்டை நிறுத்தினான். இத்தனை வருஷம் ராத்திரித் தூக்கத்தைத் தொலைத்தவன் யார்? ஊர் சிரிக்கச் சேவலைச் சுமந்தவன் யார்? நேற்று வந்த பயல் நேரில் நின்று கோப்பையைப் பார்ப்பானாம், இவன் போனில் இதயம் அனுப்ப வேண்டுமாம். அந்த ஞாயிறு கோயிலில், மாதா சொரூபத்தின் முன்னால் மண்டி போட்டவன் வாயில் தானாக வந்துவிட்டது. மாதாவே, இந்தத் தடவை வேணாம். அவன் அங்க இருக்கும்போது மட்டும் ஜெயிக்க வெச்சிராத. தோத்தா உனக்கு ஆள் உயர மெழுகுவத்தி ஏத்துறேன்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் பழைய வேண்டுதல் ஞாபகத்துக்கு வந்தது. ஜெயித்தால் மொட்டை, தோற்றால் மெழுகுவர்த்தி. ஒரே மேட்சுக்கு, ஒரே மாதாவிடம், இரண்டு பக்கமும் வேண்டிக்கொண்ட ஒரே ஆள் உலகத்தில் அவனாகத்தான் இருப்பான்.

ஆட்டம் நம்ம ஊர் நேரத்துக்கு நள்ளிரவில். ஜான்சி தூங்க, பிரிட்டோ ஹாலில் சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தான். இடைவேளைக்குச் சற்று முன்னால் டாட்டன்ஹாம் ஒரு கோல் போட்டது. அழகான கோல்கூட இல்லை. பந்து அவன் மேல் இவன் மேல் பட்டு எப்படியோ உள்ளே உருண்டது. பிரிட்டோ கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். பார்வையாளர்களைக் காட்டும்போதெல்லாம் அவன் கண் நிகிலைத்தான் தேடியது. ஒரு கோல் திருப்பிப் போடுங்கடா என்று மான்செஸ்டர்காரர்களைப் பார்த்து முணுமுணுத்தான்.

இரண்டாம் பாதியில் அந்தக் கோலும் வரப் பார்த்தது. கீப்பர் எங்கோ விழுந்து கிடக்க, பந்து காலி வலையை நோக்கிப் போகிறது. பிரிட்டோ கேட்டது அதுதான். ஆனால் அவன் துள்ளி எழுந்து, தெருவே கேட்கும்படி, "ஐயோ, காப்பாத்து மாதாவே!" என்று கத்தினான். டாட்டன்ஹாம் தடுப்பாளன் ஒருவன் பின்பக்கமாக எகிறி, கோட்டிலிருந்து பந்தை உதைத்து வெளியே தள்ளினான்.

ஜான்சி அலறிப் புடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "இன்னாங்க ஆச்சு? யாரக் காப்பாத்தணும்?"

பிரிட்டோ தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு வேண்டுதலையும் சொன்னான். ஜான்சி முழுதும் கேட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தான், சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள மேல அவ்ளோ பொறாமையா உங்களுக்கு?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினான். டிவியில் ஆட்டம் முடிந்து, டாட்டன்ஹாமின் கொரியக் கேப்டன் அழுதுகொண்டிருந்தான். டாட்டன்ஹாம் ஜெயித்துவிட்டது. பதினேழு வருஷத்துக்குப் பிறகு முதல் கோப்பை. பிரிட்டோவும் அழுதான். எதற்கு அழுகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"மாதா மொதல்ல கேட்டதத்தான் எடுத்துக்கினாங்க" என்றாள் ஜான்சி. "கெளம்புங்க வேளாங்கண்ணிக்கு."

பிரிட்டோ மொட்டை போட்டுக்கொண்டான். மன்னிப்புக்காக முழ நீளத்தில் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினான். திரும்பி வருவதற்குள் ஜங்ஷன் முழுக்கக் கதை பரவியிருந்தது. பிரிட்டோ வேண்டிக்கொண்டதால்தான் லண்டன் டீம் ஜெயித்ததாம். ஹனீஃபாகூட, "பெரிய ஆளுதான்பா நீ" என்று மொட்டையைத் தடவிப் பார்த்தான். பிரிட்டோவுக்கு ஒவ்வொரு பாராட்டும் முள்ளாகக் குத்தியது.

ஜூலையில் நிகில் லீவில் வந்தான். அதற்குள் கோப்பை வாங்கிக் கொடுத்த கோச்சையே டாட்டன்ஹாம் வேலையை விட்டு அனுப்பியிருந்தது. நேரே கடைக்கு வந்தவன், பையிலிருந்து இறுதியாட்டத்தன்று கழுத்தில் போட்டிருந்த ஸ்கார்ஃபை எடுத்து நீட்டினான். "உங்களுக்குத்தான்ணா."

பிரிட்டோ கையை நீட்டவில்லை. "இத்த நீயே வெச்சிக்கோ. நான் அன்னிக்கு நம்ம டீமு தோக்கணும்னு வேண்டிக்கினேன்."

"நம்ம டீமா? ஏன்ணா?"

"நீ அங்க இருந்த இல்ல. அதான். பொறாமை."

நிகில் ஸ்டூலில் உட்கார்ந்தான். கோபப்படுவான், எழுந்து போய்விடுவான் என்று பிரிட்டோ காத்திருந்தான்.

"பக்கத்து ஸீட்ல ஒரு பெரியவர்ணா" என்றான் நிகில் கடைசியில். "விசில் அடிச்சதும் சின்னப் பிள்ள மாதிரி தேம்பித் தேம்பி அழுதாரு. சுத்தி எல்லாரும் அழறாங்க. எனக்கு மட்டும் வரவேயில்ல. அழற அளவுக்கு நான் எதுவுமே தோத்ததில்லையேண்ணா. வேற யாரோட கல்யாணத்துக்கோ போய் முதல் பந்தியில உக்காந்த மாதிரி இருந்துச்சு. அப்போ உங்க ஞாபகம்தான் வந்துச்சு. வீட்ல உக்காந்து எப்படி அழுதுட்டு இருப்பீங்கன்னு நினைச்சேன். உங்க மேல செம பொறாமையா இருந்துச்சு."

பிரிட்டோ அவனையே பார்த்தான். பிறகு ஸ்கார்ஃபைப் பிடுங்காத குறையாக வாங்கி, அந்த வெயிலில், அரைகுறையாக முடி முளைத்த தலையில் உருமாலாகக் கட்டிக்கொண்டான்.

"இன்னா சொன்ன? எம்மேலயா? பொறாமையா? இன்னொரு தபா சொல்லு."

நிகில் சொன்னான். பிரிட்டோ ஜான்சிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவனை மறுபடியும் சொல்லச் சொன்னான்.