அமெரிக்காவுக்குப் புறப்பட்ட விளக்குக் கப்பல்

விளக்குக் கப்பல் என்றால் நிறைய பல்ப் கொளுத்திக்கொண்டு ஓடும் உல்லாசக் கப்பல் என்றுதான் நம்பியிருந்தேன். கலங்கரை விளக்கம் கட்ட முடியாத இடத்தில் அதற்குப் பதிலாக நங்கூரமிட்டு நிறுத்துவது அது என்று பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோத் துறைமுகத்தில் அப்படியொரு பழைய கப்பலைத் தொண்டர்கள் பராமரித்தார்கள். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள், சனிக்கிழமைகளில் வந்து துரு சுரண்டிப் பெயின்ற் அடிப்பார்கள். வயரிங் பார்க்க என் முதலாளி சிவம் அண்ணை ஒப்புக்கொண்டார். நான் அவருடைய ஹெல்ப்பர். அடுத்த வாரம் என் அகதி வழக்கின் ஹியரிங். அது முடியும்வரை கனடாவை விட்டு ஓரடியும் வெளியே வைக்கக் கூடாது என்று லோயர் எச்சரித்திருந்தார்.

அண்ணை இதை விடுவாரா?

"டேய், ஏரிக்கு அங்கால அமெரிக்கா. கயிறு அறுந்தா உன்ரை கேஸ் முடிஞ்சுது."

சிரித்துக்கொண்டே கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். வயர்கள் சேரும் ஜங்ஷன் பொக்ஸைத் திறந்த நேரம் தளம் ஒரு பக்கம் சாய்ந்தது. ஸ்குரூட்ரைவர் உருண்டோடியது. வட்டக் கண்ணாடி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சுவரும் ஜன்னல்களுமாக ஒரு கட்டடம் மெல்லப் பின்னால் போனது. கட்டடம் நகராது. ஆகவே நகர்வது நாங்கள்.

கைவிலங்கு, விமானம், கொழும்பு எல்லாம் கண்முன் வரிசையாக வந்து நின்றன. ஏணியில் ஏறியது ஞாபகமில்லை.

"அண்ணை! கப்பல் வெளிக்கிட்டிட்டுது! நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

அண்ணை சான்ட்விச்சைக் கடித்தபடி நின்றார். "ஆரடா ஓட்டுறது?"

"அந்தா, பெயின்ற் அடிக்கிற மனிசியாத்தான் இருக்கும்!"

தூரிகையோடு நின்ற டோரத்தி என்ற மூதாட்டியிடம் ஓடினேன். "மேடம், நோ அமெரிக்கா! மீ ரெஃப்யூஜி! ஸ்டொப்!"

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பக்கவாட்டுக்குக் கூட்டிப்போய், கரையோடு கட்டிய கயிறுகளை ஒவ்வொன்றாகத் தொட வைத்தார். எல்லாம் இறுகித்தான் இருந்தன. என் கால்கள் மட்டும் அதை நம்பவில்லை.

"இறங்கடா," என்றார் அண்ணை, இந்த முறை பகிடி இல்லாமல். "கரையிலை நிண்டு மூச்சு விட்டிட்டு வா."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: புது இடத்தில் கீழே இறங்குமுன், வெளியே எது நகரும், எது நகராது என்று கேட்டு வையுங்கள். பயந்தவனின் கண்ணை நம்பி ஒரு வேலையும் செய்ய முடியாது.

நான் கட்டடம் என்று நினைத்தது, எதிரே இருந்த தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போன ஃபெரி. அதன் அலையில்தான் நாங்கள் ஆடினோம். எங்கள் கப்பலில் எஞ்சினே கிடையாது.