கார்மோசினாவின் மோதிர விரல்

படத்தில் ஒருவருக்குக் கொடுத்த விரலை நேரில் இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? ஆயிரத்து அறுநூற்று நாற்பதுகளில், நேப்பிள்ஸ் துறைமுகத் தெருவில் துணி வெளுத்த கார்மோசினாவுக்கு இந்தக் கேள்வி கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் வந்தது.

அன்று புனித கத்தரீன் திருநாள். கோயிலில் புதுப் படத்தின் திரையை விலக்கப் போகிறார்கள். மாதாவின் மடியிலிருந்து குழந்தை இயேசு எட்டி, கத்தரீனுக்கு மோதிரம் போடும் படம். கோடையில் பத்து நாள் ஓவியர் முன்னால் இடக்கையை நீட்டி நின்றவள் கார்மோசினா. முகம் வேறு யாருடையதோ, கை இவளுடையது.

திரை விலகியது. படத்துக்குள் இருட்டைப் பிளந்த வெளிச்சம் நேரே அந்த விரலில் விழுந்தது. துணி வெளுக்கும் சாம்பல் காரத்தில் வெந்து நுனி வளைந்த விரல். படத்தில் மற்றதெல்லாம் சுமார்தான், விரல் உண்மை.

"அடியே, இது நம்ம கார்மோசினா விரலுல்ல" என்றாள் மீன்காரி தோல்லா. அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் அவள் கையைப் பிடித்திழுத்து முத்தமிட்டார்கள்.

"நேத்துத்தான் பாவாடையில மீன் வாடை போகலன்னு திட்டினேன். மன்னிச்சிரு தாயே."

"அது எப்படிப் போகும் தோல்லாக்கா? உள்ள நீ இருக்கியே."

கோயிலே சிரித்தது. அப்போது யாரோ கேட்டார்கள்: "சாமிகிட்ட மோதிரம் வாங்கினவ, சனிக்கிழமை படகுக்காரனுக்குக் கைய நீட்டுவாளா?" சிரிப்பு நின்றது.

மறுநாள் வெளுக்க ஒரு துணிகூட வரவில்லை. சாமி கையில் அழுக்குத் துணியைக் கொடுப்பார்களா? காய்ச்சல் பிள்ளைகள்தான் வந்தார்கள், தொட்டு விடச் சொல்லி.

மாலையில் மாப்பிள்ளை அனியெல்லோ வந்தான். "எனக்கு முந்தி ஒருத்தர் போட்டுட்டாராமே. சின்னப் பையன்தான், ஆனா அவங்கப்பா பெரிய இடம்."

அவள் சிரித்தாள்.

"வேணாம்னா இப்பவே சொல்லிரு, கார்மோசினா. அவர்கூடல்லாம் என்னால சண்டை போட முடியாது."



கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்துக்கு முந்திய கடைசி நாள் அந்தச் சனிக்கிழமை. விட்டால் ஜனவரிவரை கல்யாணம் கிடையாது. கோயிலில் நிற்க இடமில்லை. படத்துக்குக் கீழேயே பீடம். மணப்பெண்கள் இடக்கையைத்தான் நீட்டுவது வழக்கம். அனியெல்லோ மோதிரத்தை எடுத்தான்.

கார்மோசினா இடக்கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு வலக்கையை நீட்டினாள்.

"இடக்கைம்மா" என்றார் சாமியார், மெதுவாக.

அவள் கையை மாற்றவில்லை. சாமியார் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். பிறகு அனியெல்லோவிடம் தலையசைத்தார். அவன் வலக்கையில் மோதிரத்தைப் போட்டான்.

திங்கட்கிழமை அழுக்குத் துணிகள் மறுபடி வந்தன; அவள் இரண்டு கைகளையும் சாம்பல் நீரில் விட்டு அலசினாள். மோதிரம் கடைசிவரை வலக்கையிலேயே இருந்தது. ஏன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, அனியெல்லோவிடம்கூட.