கழுத்தளவு தண்ணீர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. தென்காசியில் மாரிச்செல்வி டீச்சரின் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டீச்சரிடம் மட்டும் கேட்காதீர்கள். அவளுக்கு அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

குற்றாலத்தில் சீசன் முடிந்து கூட்டம் கலைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறு வற்றும்போது அருவிக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் குழி குழியாகத் தண்ணீர் தங்கும். உள்ளே தலைப்பிரட்டை, நண்டு, கல்லோடு ஒட்டிக் கிடக்கும் குட்டி மீன் எல்லாம் இருக்கும். அதைக் காட்டத்தான் விலங்கியல் டீச்சரான மாரிச்செல்வி தெருக்காரர்களை வேனில் கூட்டி வந்திருந்தாள். அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. எண்ணெய் தேய்த்த உடம்போடு யாரும் குழியில் இறங்கக் கூடாது. எண்ணெய் படர்ந்தால் மீனெல்லாம் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். குற்றாலத்துக்கு வந்து எண்ணெய் தேய்க்காமல் போவதா என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். அவள் மசியவில்லை.

பக்கத்து வீட்டுப் போலீஸ்காரர் இசக்கிமணி மட்டும் வேனை விட்டு இறங்கவில்லை. கால்வலி என்றார். காலையில் ஓடி ஓடிச் சாமான் ஏற்றியவர் அவர்தான்.

சாயங்காலம் லேசாகச் சாரல் விழுந்தது. டீச்சர் முன்னால் நடந்தாள். ஒரு பெரிய பாறையைச் சுற்றிப் போனால், ஒதுக்குப்புறமாக ஒரு குழி...

தண்ணீர் மேல் எண்ணெய் மிதந்தது. நல்லெண்ணெய் வாசம்.

உள்ளே ஒரு பெண். கழுத்து வரை தண்ணீர்.

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவ்வளவு பெரிய அருவி இருக்க இந்தக் குழிதான் கிடைத்ததா என்று சத்தம் போட்டாள். சத்தம் கேட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். மீனைப் படம் எடுக்கத் தூக்கிய செல்போன்கள் தூக்கியபடியே இருந்தன.

அந்தப் பெண் போன்களைப் பார்த்தாள். இன்னும் கீழே போனாள். தாடை வரை.

"எக்கா... அந்தத் துண்டக் குடுங்க. அவுகளத் திரும்பிக்கிடச் சொல்லுங்க."

டீச்சரின் தோளில் துண்டு கிடந்தது. கொடுத்திருக்கலாம். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல வெளிய வா. பெறகு பாப்போம்."

வாய் வரை தண்ணீர்...

மூக்கு வரை...

கண்கள் மட்டும்.

"டீச்சர், யாரத் திட்டுதிய?" எதிர்வீட்டுச் சுகந்திதான் பின்னாலிருந்து கேட்டாள்.

டீச்சர் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு மறுபடி குழியைப் பார்த்தாள். யாரும் இல்லை. கீழே கிடந்த ஒரு குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தாள். முழங்கால்கூட நனையாத ஆழம்.

வேனில் இசக்கிமணி அவள் முகத்தைப் பார்த்து என்னவென்று விசாரித்தார். மெல்லிய குரலில் சொன்னாள். துண்டு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டாள். சொல்ல நா எழவில்லை.

அவர் கேட்டார். "துண்டு கேட்டாளா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

சில வருஷம் முன்னால் திடீரென்று வெள்ளம் வந்ததாம். எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை இழுத்து வந்து அந்தக் குழியில் செருகிவிட்டதாம். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. ஆனால் உயிர் இருந்தது. அன்றைக்கு இசக்கிமணிக்கு அங்கேதான் டியூட்டி.

"கயிறு போட்டோம், டீச்சர். அதப் பிடிக்கணும்னா தண்ணிய விட்டு எந்திரிக்கணும்லா? கரை பூரா செல்போன். திரும்பிக்கிடச் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ஒருத்தனும் திரும்பல. தண்ணி ஏறிக்கிட்டே வந்துச்சு. கடைசி வரைக்கும் அவ எந்திரிக்கல."

"நீங்க...?"

"நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

 மாரிச்செல்வியின் முகம் நனைந்திருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோளில் கிடந்த துண்டைத் தொட அவளுக்குக் கூசியது.