குளிப்பதற்கு முன் மூன்று குளியல்

ஞானஸ்நானம் எடுக்கப் போன காலையில் வீட்டில் மூன்று முறை குளித்துவிட்டுப் போனவன் நான். ஈப்போ வட்டாரத்தில் இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை யாராவது செய்திருந்தால் அவரைத் தேடிப்போய்க் கைகுலுக்க ஆசை. முதலில் மண்ணெண்ணெய், பிறகு துணி துவைக்கும் தூள், கடைசியில் மனைவியின் வாசனைச் சோப்பு. அத்தனையும் போட்டுத் தேய்த்த பிறகும், பட்டறையில் பதினைந்து வருடமாக ஏறிய கிரீஸ் நகக்கண்ணில் அப்படியே இருந்தது. குளியலறையின் சிவப்பு பிளாஸ்டிக் குவளையில் என் கறுத்த விரல் அடையாளம் பதிந்ததுதான் மிச்சம்.

அது நான்காவது முயற்சி. முதல் முறை, சிகரெட்டை விட்ட பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். இரண்டாம் முறை, சண்டை போட்டிருந்த மச்சானிடம் பேசிய பிறகு என்றேன். மூன்றாவது தடை என் வாய். நாற்பது நாள் ஒரு கெட்ட வார்த்தை பேசாமல் காத்து வந்தவன், ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் மாலை ஸ்பேனர் கால் கட்டைவிரலில் விழுந்ததும் நாற்பது நாள் பாக்கியையும் ஒரே மூச்சில் தீர்த்தேன். எதிர்க் கடைச் சீனர் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்டார். என் புத்திக்குப் பரிசுத்தம் என்பது பழைய காரைச் சோதனைக்குக் கொண்டுபோவது மாதிரி. எல்லாப் பழுதையும் நானே பார்த்து முடித்துவிட்டுத்தான் கடவுள் முன்னால் நிறுத்த வேண்டும்.

ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பழைய தோட்டத்தில் இருக்கிறது எங்கள் சபை. ஞானஸ்நானம் கோப்பெங் பக்கத்து ஆற்றில். முந்தின நாள் பெய்த மழையில் ஆறு தே தாரிக் பால் தேநீர் நிறத்தில் ஓடியது. கரையில் துண்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றவரை நாங்கள் அட்டெண்டன் அண்ணே என்போம். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரித்து ஓய்வு பெற்றவர். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். நகத்தைப் பார்த்தேன், ஸ்பேனரை நினைத்தேன், எங்களை ஏற்றி வந்த வேன் பக்கம் மெல்ல நழுவினேன். அன்று போய்விட்டால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்கே தெரியும். அண்ணனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பின்னாலேயே வந்துவிட்டார்.

“இன்னும் சுத்தமாகலண்ணே. அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து நகத்தைத் திருப்பிப் பார்த்தார். “முப்பது வருஷமா வார்டுல ஆளுங்களக் குளிப்பாட்டினேன் தம்பி. ஒருத்தனும் குளிச்சிட்டு வரல. உன் சுத்தத்த நம்பியா இங்க வந்த? ஆண்டவரு சுத்தத்த நம்பி எறங்குலா.”

இறங்கினேன். மேலே வந்தபோது தலையில் சேறு, நகத்தில் அதே கிரீஸ். ஆனால் யாரோ தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டது போல இருந்தது. அளவெடுக்காமலே பொருந்திய சட்டை.

அதோடு நான் புனிதனாகிவிட்டேன் என்று எழுதினால் மனைவி இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவாள். மறு மாதமே பத்து காஜா என்ற ஊரின் வாத்தியார் ஒருவரின் காருக்குப் பழைய பம்பைத் துடைத்து மாட்டிப் புதியது என்று சொன்னேன். முன்பெல்லாம் நிம்மதியாகச் சாப்பிட்டுவிடுவேன். அன்று சோறு இறங்கவில்லை. போட்டுவிட்ட சட்டையில் நானே கறை வைத்த மாதிரி இருந்தது. புதுப் பம்போடு அவர் வீட்டு வாசலுக்குப் போய் உண்மையைச் சொல்லி, அவர் திட்டத் திட்ட மாற்றிக் கொடுத்தேன். கடவுளின் அங்கீகாரம் கிடைப்பதற்காக நல்லவனாக முயன்ற காலத்தில் இதைச் செய்திருக்கமாட்டேன். அது முதலிலேயே கிடைத்துவிட்டதால்தான் செய்ய முடிந்தது. இது புரிய எனக்கு ஓர் ஆறும் ஓர் அண்ணனும் தேவைப்பட்டார்கள். இரண்டுக்கும் நன்றி.

இப்போது அண்ணனுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் அவரைக் குளிப்பாட்டுவது என் முறை. போன வாரம் நான் போனபோது அவர் கைலி சிறுநீரில் நனைந்திருந்தது. என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, இடது கையால் ஈரத் துணி எடுத்து அவசரமாகத் தன்னைத் துடைக்கப் பார்த்தார். துணி கீழே விழுந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

அங்கேயும் ஒரு சிவப்புக் குவளைதான். நிரப்பிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். என் நகத்தில் இன்னும் அதே கறுப்பு.

“என்னண்ணே, குளிக்கிறதுக்கு முன்னாடியே குளிக்கிறீங்களா?”

என் கையைப் பார்த்தவர், துணியை எடுக்க நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“வாய மூடிட்டு ஊத்துலா.”